மலையில் ஏமாந்தால் ஊரிலிருந்தே கேட்கலாம்: கொடைக்கானலும் நுகர்வோர் சட்டமும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் வண்டிகளால் நிரம்பிவிடும். இரண்டும் பெருமாள்மலையில் சேர்ந்து கொடைக்கானலுக்குள் நுழைகின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் தங்குவது ஓரிரு நாள். அதற்குள் ரூம் எடுக்கிறார்கள், டாக்ஸி பேசுகிறார்கள், பூண்டும் தேனும் சாக்லேட்டும் தைலமும் வாங்குகிறார்கள். மலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது இந்த வரவால்தான். வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகவே பிழைக்கிறார்கள்.

ஆனாலும் இந்தச் சந்தைக்கு ஒரு பலவீனம் உண்டு. உங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் உங்களை ஏமாற்றத் தயங்குவார். நாளையும் நீங்கள் அதே கடை வாசலில் நிற்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். சுற்றுலாத் தலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வாங்கியவர் மலை இறங்கிப் போய்விடுவார், திரும்பி வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம் சிலருக்கு வந்துவிடுகிறது. இறங்கியவரும் அப்படியேதான் நினைக்கிறார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காகத் திண்டுக்கல்லுக்கு அலைய முடியுமா என்று விட்டுவிடுகிறார்.

இந்த நினைப்பு இப்போது சட்டப்படி தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழி செய்திருக்கிறது. கொடைக்கானலில் ஏமாந்த தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே புகார் கொடுக்கலாம். இணையத்தில் வாங்கி ஏமாந்த மன்னவனூர் விவசாயி, விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் திண்டுக்கல்லில் புகார் கொடுக்கலாம். தூரத்தை நம்பி நடக்கும் ஏமாற்றுக்கு இந்த ஒரு மாற்றம் கொடுத்த அடி பெரிது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அதற்காகவே இந்த விளக்கம்.

சட்டம் வந்த வழி

நுகர்வோருக்கென்று உரிமைகள் உண்டு என்பதை அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1962 மார்ச் 15 அன்று தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் பட்டியலிட்டார். உலக நுகர்வோர் உரிமை நாள் மார்ச் 15-இல் வருவது அதனால்தான். 1985-இல் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1986 டிசம்பர் 24 அன்று, இந்தியாவின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்த நாளைத் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1986-இல் சந்தை என்றால் கடைத்தெரு. விற்றவர் யார், கடை எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். ஆகவே விற்றவர் இருக்கும் இடத்தில் அல்லது பிரச்சினை நடந்த இடத்தில் வழக்குப் போடுங்கள் என்றது அந்தச் சட்டம். பிறகு பொருளாதாரம் விரிந்தது. கைப்பேசியில் ரூம் பதிவு செய்கிறோம். முகம் தெரியாதவரிடம் பொருள் வாங்குகிறோம். அதற்கேற்ப எழுதப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததுதான் 2019-ஆம் ஆண்டுச் சட்டம். இணைய வணிகம், தொலைக்காட்சி விற்பனை, நேரடி விற்பனை எல்லாம் இதற்குள் அடங்கும்.

நீங்கள் நுகர்வோரா?

காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர் நுகர்வோர். முழுப் பணமும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பாதி கொடுத்திருந்தாலும், தவணையில் வாங்கியிருந்தாலும், பிறகு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாலும் போதும். வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. மகன் பதிவு செய்த ரூமில் தங்கிய அம்மாவும் புகார் கொடுக்கலாம். இலவசமாகக் கிடைத்த சேவையும், மறுவிற்பனைக்காக வாங்கிய பொருளும் இதில் வராது.

வணிக நோக்கத்துக்காக வாங்கியவரும் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் எந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. அந்த நிறுவனம் வாங்கியது வணிக நோக்கத்துக்கே என்று முடிவாயிற்று. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும் லாரி வாங்குபவரும் நுகர்வோரே என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே ஏரிச்சாலையில் தம் காரைத் தாமே டாக்ஸியாக ஓட்டுபவர், அந்தக் காரில் தயாரிப்புக் குறை இருந்தால் புகார் கொடுக்கலாம். இருபது கார் வைத்து ஆள் போட்டு நடத்துபவர் அப்படிக் கேட்க முடியாது.

விவசாயி? விளைச்சலை விற்கத்தானே விதை வாங்குகிறார், அது வணிக நோக்கம் ஆகாதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012 ஜனவரியில் வந்த தீர்ப்பு, விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று உறுதிசெய்தது. விதையைச் சோதனைக்கு அனுப்பாமல் எப்படிக் குறை சொல்லலாம் என்று நிறுவனம் வாதிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

மேல்மலையில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் போடுபவர்களும், கீழ்மலையில் காபி, மிளகு, வாழை வளர்ப்பவர்களும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். விதைப் பையையும் அதில் கட்டியிருக்கும் அடையாள அட்டையையும் பில்லையும் அறுவடை வரை தூக்கி எறியாதீர்கள். முளைப்பு குறைந்தாலோ வேறு ரகம் வந்தாலோ, பயிர் நிலத்தில் இருக்கும்போதே தோட்டக்கலைத் துறை அலுவலரை எழுத்துமூலம் அழைத்துப் பார்வையிடச் செய்யுங்கள். அவர் தரும் அறிக்கை வழக்கில் பெரும்பலம்.

விலை: எங்கே கேட்கலாம், எங்கே முடியாது

சுற்றுலாத் தலத்தில் அதிகம் எழும் சண்டை விலையைப் பற்றியது. இதில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கடையில் விற்கும் பாக்கெட் பொருள். பிஸ்கட், பால் பவுடர், சோப்பு எதுவானாலும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்ஆர்பி, எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளை மீறியதாகும். ‘மலைக்கு ஏற்றிவந்த செலவு’ என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பது இங்கே வழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. ஒரே பொருளுக்குச் சாதாரணக் கடையில் ஒரு விலையும் சுற்றுலா இடத்தில் வேறு விலையும் அச்சடிப்பதற்கும் 2018 முதல் தடை இருக்கிறது.

இரண்டு, உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல். அங்கே மேசை, பரிமாறுதல், சூழல் எல்லாம் சேர்ந்தது சேவை என்றும், அங்கே விற்கும் குடிநீருக்கு எம்ஆர்பியை விட அதிகம் வாங்கலாம் என்றும் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெட்டிக்கடையில் செல்லும் வாதம் ஹோட்டலில் செல்லாது. விலைப்பட்டியலை முதலில் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறி வகுத்தது. ஹோட்டல் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்றது. விரும்பினால் தரலாம், கட்டாயம் இல்லை. ஜிஎஸ்டி வேறு, சேவைக் கட்டணம் வேறு. பில்லில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மூன்று, எடை போட்டு விற்கும் பொருள். இங்கே விலையைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை, எடையைக் கட்டுப்படுத்துகிறது. மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லை என்றாலோ எடை குறைந்தாலோ புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை. எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் அமல்படுத்துவது அந்தத் துறைதான். காவல் நிலையத்துக்கும் நகராட்சிக்கும் போய் அலையாமல் நேரே அங்கே எழுதினால் வேலை நடக்கும்.

டாக்ஸிக்காரரிடம் எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், மொத்தம் எவ்வளவு என்பதை ஏறும் முன்பே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்தச் செய்தியே ஒப்பந்தம்.

மலையின் பெயரில் விற்கும் பொருள்கள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாட்சி மலைவாழைக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது. இன்ன இடத்தில் விளைந்ததற்கு மட்டுமே இந்தப் பெயர் என்று சட்டம் காவல் நிற்பதுதான் புவிசார் குறியீடு. மேல்மலை ஊர்களில் விளையும் பூண்டு சிறியது, காரமும் மணமும் கூடியது. புகை படிய வைத்துப் பதப்படுத்துவதால் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். விலையும் அதிகம். அதனாலேயே வெளிமாநிலப் பூண்டை ‘மலைப்பூண்டு’ என்று விற்கும் ஆசை எழுகிறது.

இப்படி விற்கும்போது ஏமாறுபவர் இருவர். காசு கொடுத்தவர் ஒருவர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் குளிரில் நின்று உண்மையான பூண்டை விளைவித்து, போலியோடு விலைப்போட்டி போட முடியாமல் நிற்கும் விவசாயி மற்றொருவர். பொருள் ஓர் இடத்தைச் சேர்ந்தது என்று பொய் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் ஆணையத்தில் இதைக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால் பில்லில் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். வெறும் ‘பூண்டு 1 கிலோ’ என்ற பில்லை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம். அப்படி எழுதித் தரத் தயங்கும் கடையைத் தவிர்ப்பதே நல்லது.

சாக்லேட், தேன், ஜாம் போன்ற பாக்கெட் உணவுப் பொருள்களில் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த நாள், சேர்மானப் பட்டியல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். ‘வீட்டில் செய்தது’ என்ற சொல் எந்த விலக்கையும் தராது. சாக்லேட்டின் சேர்மானத்தில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விலை வித்தியாசத்தின் காரணம் அங்கே தெரியும். தேனில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. திண்டுக்கல் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் எழுதலாம்.

ரூமும் நிலமும்

படத்தில் பார்த்த ரூம் வேறு, போய்ப் பார்த்தால் வேறு, ஏரி தெரியும் என்றார்கள், சுவர்தான் தெரிகிறது, வெந்நீர் வரவில்லை, அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்கள். இவையெல்லாம் சேவைக் குறைபாடு. செயலி வழியாகப் பதிவு செய்திருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ரூமைப் பார்த்த உடனேயே படமும் வீடியோவும் எடுத்து, விடுதிக்காரருக்கு அப்போதே குறையைச் சொல்லிச் செய்தி அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கடைசியில் சொல்லும் குறைக்கு எடை குறைவு.

கொடைக்கானலுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. விதி மீறிக் கட்டிய கட்டடங்கள் மீது இங்கே பல ஆண்டுகளாக வழக்கு நடந்திருக்கிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து ஏராளமான கட்டடங்கள் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. பதிவு செய்த விடுதி பூட்டிக் கிடந்தால் உங்கள் விடுமுறை போயிற்று. அனுமதியில்லாத கட்டடத்தில் தீ விபத்தோ மண்சரிவோ நேர்ந்தால் இழப்பு அதோடு நிற்காது. பணம் கட்டும் முன்பே விடுதியின் உரிமம், ஜிஎஸ்டி எண், முழு முகவரி ஆகியவற்றைக் கேளுங்கள். அடுத்து, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் தேவை. அது இலவசம். எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டியதில்லை.

மலையில் மனையோ வில்லாவோ வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மலைப்பகுதி என்பதால் கட்டட அனுமதிக்கும் கூடுதல் விதிகள் உண்டு. விளம்பரத்தில் ‘அனுமதி பெறப்பட்டது’ என்றிருந்தால் எண்ணைக் கேட்டு நேரில் சரிபாருங்கள். கட்டுநர் ஏமாற்றினால் ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று அடைபடாது என்று 2020 நவம்பரில் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பில் கேட்பது உரிமை

பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று புதிய சட்டம் சொல்கிறது. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குத் தானாக ஜிஎஸ்டி பில் தர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்டால் தரவேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. குறையுள்ள பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற நடைமுறைதான். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கேட்கும் உரிமை இதில் இல்லை.

பில் இல்லாவிட்டால் கதை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஜிபே, போன்பே போன்றவற்றில் பணம் போன பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கடைப் பெயர் தெரியும் படம், பொருளின் உறை எல்லாம் ஆதாரமே. இவற்றை உடனே சேமித்துவைப்பது முக்கியம்.

புகார் எப்படி, எந்த வரிசையில்?

முதல் படி, விற்றவருக்கு எழுத்தில் தெரிவிப்பது. என்ன வாங்கினேன், என்றைக்கு, எவ்வளவு கொடுத்தேன், என்ன குறை, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுப்பது பொதுவான வழக்கம். பாதிச் சண்டைகள் வாய்ப்பேச்சிலேயே நின்று வீணாகின்றன. எழுதிய காகிதம் வந்ததும் பலர் இறங்கி வருவார்கள்.

இரண்டாம் படி, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதற்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பெரிய நிறுவனங்களிடமும் இணையத் தளங்களிடமும் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் இது சமரச முயற்சிதான். உத்தரவு போடும் அதிகாரம் இதற்குக் கிடையாது.

குறை உங்களுக்கு மட்டும் நேராமல் பலருக்கும் ஒரே விதமாக நேர்கிறது என்றால், பொய் விளம்பரம் போல, மாவட்ட ஆட்சியருக்கே எழுதலாம். சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. வங்கிக் குறைக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும், மின்சாரக் குறைக்கு மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றமும் தனியாக உண்டு.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேதான் புகார். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேலே தேசிய ஆணையம். கணக்கில் எடுப்பது நீங்கள் கொடுத்த விலையைத்தான், கேட்கும் இழப்பீட்டை அல்ல. விலை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

புகார் மனுவில் உங்கள் முகவரி, எதிர்த்தரப்பின் சரியான பெயர், முகவரி, நடந்ததைத் தேதிவாரியாக, ஆதாரங்களின் நகல், நீங்கள் கேட்கும் தீர்வு, எல்லாம் உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம் இருக்க வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். காணொலி வழியாக விசாரிக்கும்படி விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. மலையூர்க்காரர்கள் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

புகாரை ஏற்பதா என்பதை ஆணையம் 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள்; கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இரு தரப்பும் சம்மதித்தால் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். தீர்ப்பில் பணம் திரும்பக் கிடைக்கலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் சேரலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. பணம் கட்டும்படி உத்தரவு பெற்றவர் அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இன்னும் சரியாக வேண்டியவை

சட்டம் நல்லது என்பதற்காக எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டிப் போகின்றன. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் இடங்கள் நாடு முழுவதும் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, 2021-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

தூரம் சுற்றுலாப் பயணிக்குக் குறைந்ததே தவிர, மலையில் வாழ்பவருக்கு அதே அளவு குறையவில்லை. கிளாவரையிலிருந்து கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலை இறங்கித் திண்டுக்கல் போய்ச் சேரவே பொழுது போய்விடும். இணையத்தில் பதிவு செய்யலாம் என்றால் மேல்மலையின் பல ஊர்களில் சிக்னல் கிடைப்பதே பாடு. ஒரு மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணையங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. சுற்றுலாவால் வியாபாரம் பெருகியிருக்கும் கொடைக்கானலில் தனி ஆணையம் இல்லாவிட்டாலும், மாதம் ஒரு முறையாவது முகாம் அமர்வு நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஊராட்சி மன்றங்களும் வியாபாரிகள் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் அதற்குப் பலம் கூடும்.

அதுவரை உதவிக்கு வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தேனும் மலைப்பொருள்களும் சேகரித்து விற்கும் பளியர் மக்கள், தாங்கள் வாங்கும் கைப்பேசியிலோ கடனிலோ ஏமாற்றப்பட்டால் அங்கே போகலாம். இதை அவர்கள் ஊருக்கே போய்ச் சொல்ல வேண்டிய கடமை படித்தவர்களுக்கு இருக்கிறது.

புகார் கொடுப்பதை வியாபாரிக்கு எதிரான செயல் என்று பலர் தயங்குகிறார்கள். ஏமாற்றுபவர் குறைந்த விலைக்கு விற்றுக் கூட்டத்தை இழுக்கும்போது முதலில் நொடிப்பவர் பக்கத்துக் கடையில் சரியான எடையும் சரியான பொருளும் தருபவர்தான். ‘கொடைக்கானலில் எதை வாங்கினாலும் ஏமாற்று’ என்ற பேச்சு பரவினால் எல்லாருடைய பிழைப்பும் கெடும். ஒருவர் கொடுக்கும் ஒரு பக்கப் புகார் அவருடைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை மீட்பதோடு நிற்பதில்லை. அடுத்த சீசனுக்கு வருபவரையும் மலையில் நேர்மையாகக் கடை வைத்திருப்பவரையும் சேர்த்தே காக்கிறது. மலை இறங்கிய பிறகும் உங்களுக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பில்லைப் பத்திரமாக வையுங்கள், குறை இருந்தால் எழுதுங்கள்.